பொங்கல் லீவுக்கு வந்த ரோடு

எங்க ஊரு ரோடு திருப்பூருக்கு வேலைக்குப் போனது கார்த்திகை மாசம் ஒரு புதன்கிழமை. விடிஞ்சு நான் கடையத் திறக்கப் போறேன், கடைக்கு முன்னால ரோடு இல்ல. படுத்து எந்திரிச்சுப் பாயைச் சுருட்டி எடுத்தா தரை எப்படி வெளிறிக் கிடக்கும், அப்படிக் கிடந்துச்சு கரிசல் மண்ணு. எதிர்த்தாப்புல இருந்த சிறுபாலத்தைக் காணோம், கிலோமீட்டர் கல்லுகளைக் காணோம், தன்னோட சாமான் சட்டு எல்லாத்தையும் எடுத்துக்கிட்டுத்தான் போயிருக்கு. செம்புக்குளத்துல யாரும் பதறல. எங்க ஊர்ல ஒரு ஆளைக் காணோம்னா மொதல்ல கேக்கறதே திருப்பூரா கோயமுத்தூரான்னுதான். டீ குடிக்க வந்த நாலு பேரும் வாசல்ல நின்னு கொஞ்ச நேரம் பாத்தாங்க, திருப்பூராத்தான் இருக்கும்னாங்க, உள்ள வந்து உக்காந்து டீயக் குடிச்சாங்க.

என் பேரு சீனியம்மாள். பஸ் ஸ்டாப்புல டீக்கடையும் பெட்டிக்கடையும் ஒண்ணாச் சேத்து வச்சிருக்கேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம், அதை இப்பவே சொல்லிர்றேன், ஏன்னா நடந்தது எல்லாம் என் வாயால வந்ததுதான்.

ரோட்டுக்கு முன்னாலயே ஒவ்வொண்ணாப் போக ஆரம்பிச்சாச்சு. மொதல்ல நூல் மில்லு சங்கு ஊதறதை நிறுத்துச்சு, சங்கு நின்னதும் ஷிப்டு நின்னுச்சு, ஷிப்டு நின்னதும் ஆம்பளையாளுக ஒவ்வொருத்தராப் பையைத் தூக்கிக்கிட்டுப் பனியன் கம்பெனிக்குப் போனாங்க, அவங்க போனதும் பேங்க்கு டவுனுக்குப் போச்சு, பேங்க்கு போன துக்கத்துல போஸ்டாபீஸ் போச்சு, வாரம் ரெண்டு நாள் வந்துக்கிட்டிருந்த நர்சம்மா வேற ஊருக்குக் கூடுதல் பொறுப்புன்னு போனாங்க, எட்டு டிரிப்பு வந்த டவுன் பஸ்ஸு நாலாகி ரெண்டாகி ஒண்ணாச்சு, அந்த ஒண்ணும் டிரைவருக்கு மனசிருந்தாத்தான். தண்ணிக் குழாயில மொதல்ல காத்து வரும், காத்து வந்தா பின்னாலயே தண்ணி வரும்னு குடத்தை வச்சுக்கிட்டு உக்காந்திருப்போம், கடைசியில அந்தக் காத்தும் வராமப் போச்சு. ரோடு மட்டும் இருந்துச்சு, அதுவும் அரை உசுரோட.

அதுக்குத் தார் போட்டுப் பதினாறு வருஷம். பள்ளத்துக்கெல்லாம் அதுல விழுந்தவங்க பேரையே வச்சிருந்தோம். மில்லுக்குப் பக்கத்துல தங்கராசு பள்ளம், அடுத்தது டீச்சர் பள்ளம், ஓடைக்கிட்ட சம்பந்தகாரர் பள்ளம், அது மாப்பிள்ளை வீட்டாரு வேனோட இறங்குனது. பஸ் டிரைவரு, 'டீச்சரைத் தாண்டியாச்சு, சம்பந்தகாரர் வாராரு, பிடிச்சுக்கங்க'ன்னு குரல் குடுத்துக்கிட்டேதான் ஓட்டுவாரு. அவ்வளவு ரோட்டுலயும் உடையாம இருந்தது என் கடைக்கு எதிர்த்தாப்புல சிறுபாலத்துச் சிமெண்ட்டு மட்டும்தான். அது ஈரமா இருந்தப்ப என் மக சுடர்க்கொடி ஓடிப்போய்க் காலை வச்சுட்டா. அப்ப அவளுக்கு அஞ்சு வயசு. வலது கால் தடம், அஞ்சு விரலும் தெளிவா அப்படியே நின்னுபோச்சு.

அந்தக் கார்த்திகை மழையில பள்ளம் எது ரோடு எதுன்னு தெரியாமத் தண்ணி நின்னுச்சு. என் வீட்டுக்காரர், பேரு சேர்மக்கனி, டவுன்ல கடைச் சரக்கு எடுத்துக்கிட்டு மொபெட்டுல வந்தவரு, தங்கராசு பள்ளத்துல சரக்கோட போய் விழுந்தாரு. இடுப்பெலும்பு போச்சு. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன அந்த ஒன்பது கிலோமீட்டரும் குலுங்குன குலுக்கலுக்கு அவரு போட்ட சத்தம் இன்னும் என் காதுல இருக்கு. பிளேட்டு வச்சாங்க. இனி எந்திரிச்சு நடக்கறது கஷ்டம், மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது, விட்டா வலி தாங்கமாட்டாருன்னு சொல்லி ஒரு செவ்வாய்க்கிழமை அனுப்பிவிட்டாங்க. அவரைக் கட்டில்ல கிடத்திட்டு நேரா கடைவாசலுக்கு வந்தேன். 

'நீ இருந்து யாருக்கு என்ன பிரயோசனம்?' ன்னு ரோட்டைப் பாத்துக் கேட்டேன். 'ஊர்ல எல்லாரும் போயாச்சு, நீ மட்டும் எதுக்கு வழிய அடைச்சுக்கிட்டுக் கிடக்க? நீயும் போய்த் தொலை.'

எங்க பக்கம் யாரையும் வெறும் 'போ'ன்னு சொல்லி அனுப்பறதில்ல. பேச்சுவார்த்தை இல்லாத வீட்டு விருந்தாளியா இருந்தாலும் 'போயிட்டு வாங்க'தான். கிளம்பறவங்களும் போறேன்னு சொல்லமாட்டாங்க, வாசப்படியில நின்னு 'வரட்டுமா'ன்னு கேப்பாங்க. பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூட இது தெரியும். எனக்கு அந்த நேரம் மறந்துபோச்சு. விடிஞ்சா புதன்கிழமை, ரோடு இல்ல.

காத்தவராயன்னு ஒருத்தரு, சர்க்கார் சாலைப் பணியாளர். பதினாலு பேரு இருந்த கூட்டத்துல மிச்சம் இருந்தது இவரு ஒருத்தருதான், எனக்குக் கொழுந்தன் முறை. ரோடு போன அன்னைக்கும் எட்டு மணிக்கெல்லாம் ஆரஞ்சுச் சட்டையப் போட்டுக்கிட்டு மம்பட்டியோட வந்துட்டாரு, ரோடு இல்லேன்னதும் அது இருந்த இடத்துல நின்னாரு, சாயங்காலம் அஞ்சு மணி வரைக்கும் நின்னாரு, மறுநாளும் வந்து நின்னாரு. நான்தான் ஆபீசுக்குப் போனைப் போடச் சொன்னேன். அங்கேயிருந்து பேசினவரு கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, 'உங்க ரோடு நல்ல நிலையில இருக்குன்னுல்ல போட்டிருக்கு' ன்னாரு.

'ரோடே இல்லங்க சார்' ன்னாரு காத்தவராயன்.

'இல்லாத ரோட்டுக்கு நான் எப்படிப்பா புகார் எழுதறது? பள்ளம் எத்தனைன்னு சொல்லு, எழுதிக்கறேன்.'

'பள்ளமும் ரோட்டோட போயிருச்சு சார்.'

'அப்ப நல்லதுதானே' ன்னு சொல்லி அவரு போனை வச்சுட்டாரு.

ரோடு இல்லாட்டி என்ன, நடந்து போகலாமேன்னு நீங்க கேப்பீங்க. நாங்களும் நடந்தோம். வடக்கே போனா கண்மாய், கண்மாயைத் தாண்டினா சீமைக்கருவேலங்காடு, காட்டைத் தாண்டினா எங்க ஊரு சுடுகாடு. தெக்கே போனா ஓடை, ஓடையைத் தாண்டினா உளுந்தங்காடு, உளுந்தங்காட்டைத் தாண்டினா எங்க ஊரு மில்லு காம்பவுண்டு. எங்கிட்டுப் போனாலும் ஊருக்குப் பின்னாலதான் வந்து ஏறும். ரோடு போனப்ப தூரத்தையும் சுருட்டிக் கக்கத்துல வச்சுக்கிட்டுப் போயிருச்சு. என் மக சுடர், லேப் டெக்னீசியனுக்குப் படிச்சு முடிச்சு சர்ட்டிபிகேட்டை வச்சுக்கிட்டு வேலைக்குக் காத்துக்கிட்டிருந்தவ, ஒரு பாட்டில் தண்ணியோட காலையில கிளம்பி மேற்க பாத்து நடந்தா. பொழுது சாயறப்ப எங்க வீட்டுக் கொல்லைப்பக்கம் வந்து நின்னு, 'அம்மா, மறுபடியும் நம்ம ஊருதாம்மா' ன்னா. முள்ளுக் கிழிச்ச காலைக் கழுவிவிட்டேன். அன்னைக்கு அவ அழுத அழுகை என்னைக் குத்திக் காட்டுற மாதிரி இருந்துச்சு. அவளைப் பூட்டி வச்சது நான்தானே.

கரண்ட்டுக் கம்பி காட்டு வழியா வந்ததால அது தப்பிச்சுச்சு, போன் டவரும் இருந்துச்சு. மார்கழி மாசம் திருப்பூர்லயிருந்து வினோத்து பேசினான். வினோத்து யாருன்னா எங்க தெரு செந்தட்டி அண்ணன் மகன், தையல் மிஷின்ல உக்காந்து மாசம் பூராவும் கழுத்துப்பட்டி மட்டும் தைக்கிறவன்.

'அத்தை, நம்ம ரோட்டைப் பாத்தேன்' ன்னான். 'ஒரு பெரிய கம்பெனி கேட்டுக்கு முன்னால கிடக்கு. ஆளே மாறிப்போச்சு. நடுவுல வெள்ளைக்கோடு, ஓரத்துல பூச்செடி. நம்ம சுடர் கால் தடத்தை வச்சுத்தான் கண்டுபிடிச்சேன்.'

'பேச்சுக் குடுத்தியா?'

'குடுத்தேன். தெரியாத மாதிரி இருந்துக்கிச்சு.'

அது வழக்கம்தான், புது ஊருக்குப் போன புதுசுல எல்லாரும் அப்படித்தான் இருப்பாங்கன்னு கடையில பேசிக்கிட்டாங்க. ஆனா பொங்கலுக்கு வந்துரும்னு எல்லாருக்கும் நம்பிக்கை இருந்துச்சு. எங்க ஊர்ல போனவங்க யாரும் பொங்கலுக்கு வராம இருந்ததில்ல.

வந்துச்சு. போகி அன்னைக்குக் காலையில, கருகருன்னு, குளிச்சுட்டு வந்த மாதிரி மழமழன்னு, ரெண்டு ஓரமும் வெள்ளை அடிச்சுக்கிட்டு வந்து, பழைய இடத்துலயே படுத்துச்சு. அது மேல ஏறி வந்த வேன்லயும் பஸ்லயும் வெளியூர்ல இருந்த எங்க பிள்ளைக எல்லாம் வந்து இறங்கினாங்க. பொம்பளையாளுக ஆரத்தி எடுத்தோம், கடைவாசல்ல தொடங்கி மில்லு வரைக்கும் ரோட்டு மேலயே கோலம் போட்டோம். வந்தது நாலு நாள் லீவு, அந்த நாலு நாளுக்குள்ள ரோடு வச்சுச் செய்யவேண்டியது எல்லாத்தையும் செஞ்சு முடிக்கணும்னு ஊரு பறந்துச்சு. ரேஷன் லாரி ஆறு மாச அரிசியை இறக்குச்சு, கேஸ் சிலிண்டர் வந்துச்சு, மாட்டு டாக்டர் வந்தாரு, ரெண்டு கல்யாணம் ஒரே பந்தல்ல முடிஞ்சுச்சு, கார்த்திகையில இருந்து வலிய அடக்கிக்கிட்டுக் கிடந்த பல்லெல்லாம் டவுனுக்குப் போய்ப் பிடுங்கிட்டு வந்துச்சு. என் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போய்க் காட்டி, தீபாவளி வரைக்கும் வர்ற மாதிரி மாத்திரை வாங்கிட்டு வந்தோம். அங்கே போறதுக்கு இருபது நிமிஷம்தான் ஆச்சு, அவரு ஒரு முனகல்கூட முனகல. மாட்டுப்பொங்கலுக்குக் காத்தவராயன், மாட்டுக் கொம்புக்கு அடிச்ச வர்ணத்துல மிச்சத்தை எடுத்துட்டுப் போய் கிலோமீட்டர் கல்லு ஒன்பதுக்கும் சிவப்பும் நீலமும் அடிச்சு, பூவைச் சுத்தி, பொங்கலும் ஊட்டினாரு.

காணும்பொங்கல் சாயங்காலம் ரோடு ஓரத்துல இருந்து மெல்ல அசைய ஆரம்பிச்சுச்சு. வெளியூருப் பிள்ளைக அது மேல ஏறி வண்டியில உக்காந்தாச்சு. அப்பதான் காத்தவராயன் என்னைப் பாத்துச் சொன்னாரு, 'மதினி, நீங்க சொன்ன சொல்லுக்குத்தான் அது போச்சு. நீங்க சொன்னாத்தான் திரும்ப வரும். வாயத் திறந்து ஒழுங்காச் சொல்லி அனுப்புங்க.' பஞ்சாயத்துத் தலைவர் ஞானதுரையும் ஆமாம்னாரு. எனக்கு ஊரு பூரா முன்னால வெக்கமா இருந்துச்சு, இருந்தாலும் ரோட்டோரத்துல போய் நின்னு, 'போயிட்டு வா' ன்னேன். மில்லு முக்குல திரும்பினப்ப அது ஒரு தடவை நின்ன மாதிரி இருந்துச்சு, அப்புறம் போயிருச்சு.

அந்தச் சொல்லு பிடிச்ச பிடி தீபாவளிக்குத்தான் தெரிஞ்சது. ரோடு வந்துச்சு, சரி. கூடவே அன்னைக்கு அது மேல ஏறிப் போனவங்க அத்தனை பேரும் வந்தாங்க. லீவு குடுக்கலேன்னவனும் வந்தான், மஞ்சக்காமாலையில கிடந்தவனும் வந்தான், மறுநாள் பரீட்சை இருந்த பொண்ணும் வந்துச்சு. ஏன் வந்தீங்கன்னு கேட்டா, 'காலு தானா வந்துருச்சு' ன்னாங்க. அதுல ஒருத்தன் வினோத்து. இந்தத் தடவை ரோட்டுக்கு நாலு நாளும் கிடைக்கல போல, ரெண்டாம் நாள் மத்தியானமே கிளம்பிருச்சு. நான் ஓடிப்போய் 'போயிட்டு வா' சொல்றதுக்கும் அது முக்குத் திரும்பறதுக்கும் சரியா இருந்துச்சு. வினோத்து அந்நேரம் கண்மாயில குளிச்சுக்கிட்டிருந்தான். ஈரத்துண்டோட ஓடிவந்து வெறும் மண்ணுல நின்னான். பத்து நாள்ல கம்பெனியில இருந்து போன் வந்துச்சு, அவன் மிஷின்ல வேற ஆளை உக்கார வச்சாச்சுன்னு. அதுக்கப்புறம் தினமும் என் கடை பெஞ்சுல வந்து உக்காருவான், உக்காந்து தன்னோட சட்டைக் கழுத்தையே தடவிக்கிட்டிருப்பான். டீ குடுத்தா குடிப்பான், குடுக்காட்டி கேக்கமாட்டான்.

மார்கழியில சுடருக்கு வேலை வந்துச்சு. தீபாவளிக்கு ரோடு வந்தப்ப டவுனுக்குப் போய் அனுப்பிவிட்ட விண்ணப்பம், கோயமுத்தூர்ல ஒரு ஆஸ்பத்திரி லேப்புல கூப்பிட்டுட்டாங்க, தை பிறந்ததும் வந்து சேரணும். போன்ல கேட்டதும் அவ மொகம் வெளிச்சமாகி உடனே அணைஞ்சுச்சு.

'நீ அப்பாவை ஒத்தையில எப்படிம்மா தூக்குவ?' ன்னா.

'இவ்வளவு நாளு யாரு தூக்கினா? நீ சாப்பிட்டு சாப்பிட்டு உக்காந்திருந்த, நான்தான் தூக்கினேன்' ன்னேன். அது பொய். ஆளுக்கு ஒரு பக்கமாத்தான் தூக்கினோம்.

'சரி, பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ரோட்டோட நான் வந்துர்றேன். வந்து அப்பாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன்.'

அவ அதைச் சந்தோஷமாத்தான் சொன்னா. வாசல்ல பாத்தா வினோத்து பெஞ்சுல உக்காந்து கழுத்தைத் தடவிக்கிட்டிருக்கான். நாலு நாளு ரெண்டு நாளாச்சு, ரெண்டு ஒண்ணாகும், ஒரு தீபாவளிக்கு வருவா, குளிக்கப் போவா, இல்ல அப்பாவுக்கு ஒத்தடம் குடுத்துக்கிட்டிருப்பா, ரோடு போயிரும். அப்புறம் அந்தப் பெஞ்சுல இன்னொரு ஆளு.

வீட்டுக்காரர்கிட்ட மத்தியானம் சோறு ஊட்டறப்ப சொன்னேன். அவரு மெதுவா மென்னு முழுங்கிட்டு, 'அவ வராம இருக்க என்ன செய்யணுமோ அதைச் செய்யி' ன்னாரு.

'அவ வராம இருக்கணும்னா நான் 'வா' சொல்லக்கூடாது, சொல்லாட்டி ரோடும் வராது. உங்க மாத்திரையும் வராது' ன்னேன்.

'தெரியும்' ன்னாரு. 'ரசம் ஊத்து.'

அந்தப் பொங்கலுக்கு ரோடு போகிக்கு வரல. ஊரு பூரா கடைவாசல்ல நின்னு மேற்கயே பாத்துக்கிட்டிருந்துச்சு. பொங்கலன்னைக்கு விடியக்காலம் வந்து படுத்தப்ப பாக்க ஒரு மாதிரி இருந்துச்சு, ரெண்டு பக்கமும் ஒவ்வொரு அடி தேஞ்சு, வெள்ளைக்கோடு மங்கி, சாக்கடை வாடையோட. காத்தவராயன் அது மேல கையை வச்சுப் பாத்துட்டு, 'ஒரு நாளுதான் விட்டிருக்காங்க, சாயங்காலம் கிளம்பிரும்' ன்னாரு. பானையில பொங்கலை வச்சுட்டு அப்படியே விட்டுட்டு ஓடினோம். ரேஷன் அரிசியில பாதிதான் இறக்க முடிஞ்சது. வீட்டுக்காரரைக் கூட்டிட்டுப் போக நேரமில்ல, சுடர் மட்டும் டவுனுக்கு ஓடி, கிடைச்ச மாத்திரையை வாங்கிட்டு வந்தா. எண்ணிப் பாத்தேன், சித்திரை வரைக்கும் வரும்.

பொழுது இறங்குறப்ப ரோட்டோரம் லேசாத் தூக்க ஆரம்பிச்சுச்சு. பாதி அரிசியோட நின்ன ரேஷன் லாரியில வெளியூருக்காரப் பிள்ளைக எல்லாம் ஏறியாச்சு. இந்தத் தடவை குளிக்கக்கூடப் போகாம விடிஞ்சதுலயிருந்து ரோட்டுலயே உக்காந்திருந்த வினோத்து மொத ஆளா ஏறிட்டான். சுடர் அவங்கப்பா கட்டில்கிட்ட ரொம்ப நேரம் நின்னுட்டு, கண்ணைத் துடைச்சுக்கிட்டு ஓடிவந்து ஏறினா. பின்பலகையைப் பிடிச்சுக்கிட்டு நின்னா, சர்ட்டிபிகேட்டுப் பையை நெஞ்சோட அணைச்சிருந்தா, தலைக்கு நான் வச்சுவிட்ட கனகாம்பரம் ஒரு பக்கமாச் சரிஞ்சிருந்துச்சு. ஊரு மொத்தமும் ரோட்டோரத்துல நின்னு என் வாயைப் பாக்குது. தலைவர் பாக்குறாரு, காத்தவராயன் பாக்குறாரு, செந்தட்டி அண்ணன் பாக்குறாரு. ஆறு மாசத்து அரிசியும், எல்லார் வீட்டுச் சீக்கும், எல்லார் வீட்டுக் கல்யாணமும் என் நாக்கு நுனியில நிக்குது.

சிறுபாலத்துக்கு மேல லாரி வந்தப்ப சுடர் கேட்டா, 'வரட்டுமாம்மா?'

பிறந்ததுலயிருந்து ஆயிரம் தடவை கேட்டிருக்கா, பள்ளிக்கூடம் போறப்ப, காலேஜ் போறப்ப. ஒவ்வொரு தடவையும் 'போயிட்டு வா' தான் சொல்லியிருக்கேன். அந்தச் சொல்லு வாய்க்கு வந்துருச்சு, முன்பாதி பல்லைத் தாண்டிருச்சு.

'போ' ன்னேன்.

அதோட நிறுத்திட்டேன். சேலை முந்தியை எடுத்து வாய்க்குள்ள திணிச்சுக்கிட்டேன்.

'மதினி' ன்னாரு காத்தவராயன். 'மிச்சத்தைச் சொல்லுங்க மதினி.'

நான் மாட்டேன்னு தலையை ஆட்டினேன். 'அம்மா, சொல்லும்மா' ன்னு அவளும் லாரியில இருந்து கத்தறா. ரோடு என் காலுக்கு முன்னால சுருள ஆரம்பிச்சுச்சு, சுருண்டுக்கிட்டே கொஞ்சம் நின்னு பாத்துச்சு, எனக்குத் தெரியும், எனக்காகத்தான் நின்னுச்சு. நான் சொன்னது அவளுக்கு. ஆனா ரோட்டுக்கும் காது இருக்கே, அதுவும் கேட்டுக்கிச்சு. மில்லு முக்குல இந்தத் தடவை அது நிக்கல.

என்னை யாரும் அடிக்கல. தலைவர் ஞானதுரை, 'ஊரையே உசுரோட பூட்டிட்டியே தாயி' ன்னு மட்டும் கேட்டாரு. ஒரு மாசம் என் கடையில யாரும் டீ குடிக்கல, அப்புறம் வேற கடை இல்லாததால வந்தாங்க, வந்து பேசாமக் குடிச்சுட்டுப் போனாங்க. செந்தட்டி அண்ணன் மட்டும் ஒருநாள் பெஞ்சுல மகன் உக்காந்திருந்த இடத்துல உக்காந்து, 'எம்பிள்ளையும் இனி வரமாட்டான்ல சீனி?' ன்னு கேட்டாரு. 'வரமாட்டான்ணே' ன்னேன். 'நல்லது' ன்னாரு. அப்புறம் துண்டை மொகத்துல போட்டுக்கிட்டுக் குலுங்கிக் குலுங்கி அழுதாரு. டீயை ஆத்தி வச்சேன், அது ஆறிப்போற வரைக்கும் அழுதாரு.

ஒரு தீபாவளி போயாச்சு, ஒரு பொங்கலும் போயாச்சு. ரெண்டு நாளும் ஊரு பழக்கத்துல வந்து கடைவாசல்ல நின்னு மேற்க பாத்துட்டு வீட்டுக்குப் போச்சு. அரிசிக்குப் பதிலாக் கம்பும் உளுந்தும் விதைச்சுத் திங்கறோம். காத்தவராயன் இப்பவும் எட்டு மணிக்கு ஆரஞ்சுச் சட்டையோட வந்து நிக்காரு, ரிடையர் ஆகற நாளைச் சொல்ல அவருக்கும் ஆள் வரணுமே. மாத்திரை சித்திரையிலயே தீந்துருச்சு. வலி வர்றப்ப என் வீட்டுக்காரர் தலையணையைக் கடிச்சுக்கிடுவாரு. என்னை ஒரு வார்த்தை சொன்னதில்ல. சொன்னாத் தேவலைன்னு எனக்கு இருக்கும்.

சுடர் ஞாயித்துக்கிழமை தோறும் பேசுவா. மொத நாலஞ்சு மாசம் அழுகையும் சண்டையுமாத்தான் பேசினா, என்னை ஏன் அப்படி அனுப்பினேன்னு கேட்டுக் கேட்டுச் சலிச்சு, அப்புறம் கேக்கறதை விட்டுட்டா. போன மாசம் பேசறப்ப குரலே வேற மாதிரி இருந்துச்சு.

'அம்மா, எங்க ஆஸ்பத்திரி எமர்ஜென்சி வாசலுக்குப் புதுசா ரோடு போட்டிருக்காங்க. நம்ம ரோடும்மா. என் கால் தடம் இருக்கு. மேல என் காலை வச்சுப் பாத்தேன், கட்டைவிரல் மட்டும்தான் அதுக்குள்ள அடங்குது.'

'எப்படி இருக்கு?'

'நல்லா இருக்கும்மா. ஆம்புலன்ஸ் வேகமா வரும், உள்ள படுத்திருக்கவங்களுக்கு ஒரு குலுக்கல் இருக்காது.' அப்புறம் அவளே சொன்னா, 'அப்பாவை இதுல கூட்டிட்டு வரலாமேன்னு தினமும் நெனைப்பேன். நீ ஒரு வார்த்தை கூப்பிட்டாப் போதும்மா, நானும் அதுவும் சேந்து வந்துருவோம். வரட்டுமா?'

உள்ள கட்டில்ல அவரு தலையணையைக் கடிக்கிற சத்தம் எனக்குக் கேக்குது. என் பெஞ்சு வாசல்ல காலியாக் கிடக்கு.

'ஆஸ்பத்திரிக்கு நேரமாச்சு, போ' ன்னு சொல்லிட்டுப் போனை வச்சுட்டேன்.

அன்னையிலயிருந்து ஆளைக் கூப்பிடற அந்த ஒரு எழுத்தை, கதையில சொல்றதோட சரி, யாரைப் பாத்தும் நான் வாயில எடுக்கறதில்ல. கோழியைக் கூடையைத் தட்டித்தான் அடைக்கறேன். பக்கத்து வீட்டுப் பிள்ளை ஓடிவந்தா கையை மட்டும் நீட்டறேன். மறந்துபோய்ச் சொல்லிட்டேன்னா, எங்கேயோ ஒரு ஆஸ்பத்திரி வாசல்ல கிடக்கிற ரோட்டுக் காதுல விழுந்து, அவளையும் தூக்கிக்கிட்டுக் கிளம்பிருமோன்னு பயம். தூக்கத்துல உளறிரக்கூடாதுன்னு முந்தியை வாயில வச்சுக்கிட்டுத்தான் படுக்கறேன். ரோடு இல்லாத ஊருக்கு எப்படி வந்தீங்களோ, இவ்வளவு நேரம் உக்காந்து கேட்டீங்க, உங்களைக்கூட நான் மொறையா வாசல்ல நின்னு கூப்பிடல. தப்பா எடுத்துக்காதீங்க, டீ மட்டும் குடிச்சுட்டுப் போங்க.